நான் ஓட்டாத பஸ்

என் மனைவிக்கு இடது கண்ணில் புரை. சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் அவர்கள் கொடுத்த நாள் எங்கள் வேலைநிறுத்தத்துக்கு நடுவில் வந்து விழுந்தது.

நான் அரசு பஸ் டிரைவர், வீடு ஏற்காட்டில். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே மலைப்பாதையில் ஏறி இறங்கியே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போய்விட்டது. சங்கத்தில் பெரிய பொறுப்பு எதிலும் இருந்ததில்லை. ஆனால் மலையில் அதிக நாள் ஓட்டியவன் என்பதால், வேலைநிறுத்தம் தொடங்கியதும் பஸ் ஸ்டாண்டில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அரசாங்கம் தற்காலிக டிரைவர்களை வைத்து வண்டி எடுக்கப் போகிறது என்ற செய்தி வந்திருந்தது. நான் பேசினேன். மலையில் பஸ் ஓட்டுவது லேசான காரியம் இல்லை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், வருஷக்கணக்கில் பழக வேண்டும், தெரியாதவர்கள் கையில் உங்கள் உயிரைக் கொடுக்காதீர்கள் என்றேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். பேசி முடித்து இறங்கியபோது எனக்குக் களைப்பாக இருந்தது. அப்போது அதை நான் வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நாளன்று காலையில் சேலத்துக்கு ஜீப் பிடிக்கலாம் என்று ஸ்டாண்டுக்குப் போனோம். ஜீப்காரர்கள் எங்களுக்கு ஆதரவாக அன்று வண்டி எடுக்கவில்லை. தெரிந்த கார்க்காரர் ஒருவர் முதல் நாளே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கீழே போய்விட்டார். ஸ்டாண்டில் நின்றது ஒரே ஒரு பஸ். அது நான் வழக்கமாக ஓட்டும் வண்டி. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

எங்கள் ஆட்கள் தார்ப்பாய்க்குக் கீழே கொடியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பஸ்ஸை நோக்கி நடப்பதைப் பார்த்துவிட்டு, சங்கச் செயலாளர் எழுந்து வந்தார். என்னைவிடச் சின்னவர்.

"ஏனுங்கண்ணா, இந்த வண்டியிலயா போறீங்க?"

"வேற வண்டி இருந்தாச் சொல்லுங்க, அதுல போறேன்."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "போயிட்டு வாங்க. அக்காவுக்குக் கண்ணுதானுங்களே முக்கியம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிரைவர் சீட்டில் இருந்தவருக்குக் கிட்டத்தட்ட என் வயது. காக்கி இல்லை. கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு. அவரை எனக்குத் தெரியும். ஒரு எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். காப்பி மூட்டையும் சில்வர் ஓக் கட்டையும் ஏற்றிக்கொண்டு எதிரே வருவார். ஒருவருக்கொருவர் வழி விட்டிருக்கிறோம், கையைத் தூக்கியிருக்கிறோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. எஸ்டேட் கைமாறியதும் லாரியை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அன்று இருவரும் கையைத் தூக்கவில்லை.

அவருக்கு எதிர்ப்பக்கம் முன் சீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அந்தச் சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் பள்ளம் நேராகத் தெரிகிறது.

வண்டி கிளம்பியது. ஏரியைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கிறாரா என்று காதால் கேட்டேன். குறைத்தார். பிரேக்கை நம்பாமல் இஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்கினார். கொண்டை ஊசி வளைவில் முன்பக்கத்தை எவ்வளவு வெளியே விட வேண்டுமோ அவ்வளவு விட்டுத் திருப்பினார். அந்த வண்டியில் கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும். முதல் இரண்டு தடவை குலுங்கியது, பிறகு அதையும் அவர் புரிந்துகொண்டார்.

பாதி வழியில் ஒரு வளைவில் சிலிண்டர் ஏற்றிய லாரி மேலே வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், அங்கே தடுப்புச் சுவர்கூட உடைந்து கிடந்தது. தற்காலிகக் கண்டக்டர் இறங்கி விசில் ஊத, அவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, ஒரே மூச்சில் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன். அதைவிட நன்றாக எடுத்திருப்பேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

எங்களுக்குப் பின் சீட்டில், ஏற்காட்டுக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர். முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டார்.

"ஏனுங்க, வருசக்கணக்காப் பழகோணும்னு மைக்குல சொன்னீங்களே. இவரு முந்தாநேத்து வந்தவருங்க. பஞ்சு மாதிரி இறக்கறாரு பாருங்க."

பின் சீட்டில் சிலர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, மலையிறங்கும்போது பயம் தெளிந்த சிரிப்பு.

என் மனைவி திரும்பினாள். பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை அவளுக்கு. "அவரு சொன்னதை உடுங்க. நான் அத்தனை புள்ளைங்களுக்குச் சோறு ஆக்கறேன். எனக்கு யாருங்க ட்ரெய்னிங் குடுத்தா? மொத நாளே அடுப்புல நிறுத்திட்டாங்க. நீங்க வந்து ஒரு நாளைக்கு ஆக்கிப் பாக்கறீங்களா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார். அவள் எனக்காகப் பேசினாளா, எனக்கு எதிராகப் பேசினாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டதில்லை.

அவள் சொன்னதும் எனக்கு என் பயிற்சி ஞாபகம் வந்தது. டிப்போவில் சேர்ந்தபோது ஏதோ வகுப்பு நடந்தது உண்மை. இஞ்சின் படத்தைச் சுவரில் மாட்டி விளக்கினார்கள். மலை வண்டிக்கு அனுப்பும் முன் ஒரு மூத்த டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் முந்தின டியூட்டியை முடித்துவிட்டு வந்தவர். நான் வண்டியை எடுத்ததும் தூங்கிவிட்டார். வளைவில் உடம்பு சாயும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார், மறுபடி தூங்குவார். மேலே போய்ச் சேர்ந்ததும் "செரி, ஓட்டிக்க" என்று சொன்னார். அதுதான் எனக்கு மலைப் பயிற்சி. மைக்கில் பேசும்போது இது எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

அடிவாரத்தில் டீக்கடைப் பக்கம் வண்டி நின்றது. பாதுகாப்புக்கு வண்டியில் வந்த போலீஸ்காரர்கள் அங்கே மாற வேண்டும். மனைவி உள்ளேயே இருந்தாள். நான் இறங்கினேன். டிரைவர் வண்டிக்கு முன்னால் வந்து, குழாயில் முகத்தைக் கழுவினார், பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார். தீக்குச்சி நிற்கவில்லை. கை அப்படி நடுங்கியது. இரண்டு குச்சி வீணானபின் நான் வாங்கிப் பற்ற வைத்துக் கொடுத்தேன்.

"நல்லாத்தானுங்க ஓட்டறீங்க" என்றேன். அது என் வாயில் கஷ்டப்பட்டுத்தான் வந்தது.

"என்னத்தைங்க நல்லா. நேத்து ஊட்டுக்குப் போயி சோறு உள்ள எறங்கலீங்க. லாரியில இதைவிட லோடு ஏத்தி ஓட்டியிருக்கறேன், இதே ரோட்டுல. மூட்டை பேசாதுங்க. இங்க பின்னால கொழந்தை அழுவுது, ஒரு அம்மா போன்ல மருமககிட்ட சண்டை போடுது. அதைக் கேட்டுட்டே வளைவுல திருப்பறப்ப, நெஞ்சு அப்படியே அடைச்சுக்குது."

"போகப் போகப் பழகிடுமுங்க."

"உங்களுக்குப் பழகிருச்சுங்களா?"

பழகிவிட்டது என்றேன். உண்மைதான். ஆனால் எப்போது பழகியது? முதல் வருஷம் முழுக்க எனக்கும் நெஞ்சடைப்பு இருந்தது. டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. பிறகு ஒரு நாள் அது இல்லை. நான் அதை வென்றேன் என்று சொல்ல முடியாது. அது தேய்ந்துபோயிருந்தது. பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிற நினைப்பு மெல்ல மெல்லக் குறைந்து, கியரும் வளைவும் மட்டும் மிச்சமாகியிருந்தன. அதைத் திறமை என்று சொல்லலாமா? சங்கத்தில் அதைத்தான் அனுபவம் என்று சொல்கிறோம், சம்பளப் பேச்சில் அதைத்தான் மேசை மேல் வைக்கிறோம். அந்த டீக்கடை வாசலில் எனக்கு அது திறமையாகவும் தெரியவில்லை, பொய்யாகவும் தெரியவில்லை. இத்தனை வருஷம் நடந்ததன் மிச்சம் என்று மட்டும் தெரிந்தது.

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"லாரி போயி நொம்ப நாளாச்சுங்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பீடியை மிதித்து அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் கட்டுப் போட்ட கண்ணோடு அவளை அழைத்துக்கொண்டு திரும்பினால், மறுபடி அதே வண்டி, அதே ஆள். "அக்காவுக்குக் கண்ணு எப்படிங்க?" என்று கேட்டார். வழி முழுக்கப் பள்ளம் மேடு பார்த்து, ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஆடவிடாமல் ஏற்றினார். அவள் தலை என் தோளில் ஒரு தடவைகூட மோதவில்லை. ஏற்காட்டில் இறங்கும்போது அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அதற்குச் சில நாள் கழித்துப் பேச்சுவார்த்தையில் ஏதோ முடிவாகி நாங்கள் வேலைக்குத் திரும்பினோம். தற்காலிக டிரைவர்களை அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்கள். டிப்போ வாசலில் கூட்டம் போட்டார்கள். தற்காலிக ஆட்கள் எவ்வளவு ஆபத்தாக ஓட்டினார்கள் என்று சொல்ல, அந்த வண்டியிலேயே பயணம் செய்த என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். "நான் பாத்த ஆளு நல்லாத்தான் ஓட்டினாருங்க" என்றேன்.

செயலாளர் என் பக்கம் வந்து மெதுவாக, "அண்ணா, நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

"உங்க பக்கந்தானுங்க. இந்த வேலையை வேற ஒருத்தரும் செய்ய முடியாதுன்னு சொல்லித்தான் நாம சோறு கேக்கோணுமா? செய்ய முடியும். அந்த ஆளு செஞ்சாரு. வந்த மூணாம் நாளு அவரு கை நடுங்கறதையும் பாத்தேன். நமக்கு நடுங்கறது நின்னு போச்சு, முட்டியும் முதுகும் போச்சு. அதுக்குக் கேளுங்க. யாரு ஓட்டினாலும் முட்டியும் முதுகும் போகுமுங்களே."

யாரும் கைதட்டவில்லை. பின்னால் ஒருவர், "இதை அதிகாரி கேட்டா நம்ம கூலியைப் பாதியாக்கிடுவானுங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் வேலை கஷ்டமானது என்பதை யாரும் கேட்பதில்லை, அபூர்வமானது என்றால்தான் காது கொடுக்கிறார்கள். அதனால் நாங்களும் அபூர்வம் என்றே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அன்றைக்குப் பிறகு என் கையில் யாரும் மைக் கொடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது டிப்போவில் நிரந்தர ஆட்களை எடுப்பது குறைந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலமாக டிரைவர்கள் வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் அந்த லாரிக்காரரும் ஒருவர். நானும் அவரும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். அதே ரோடு, அதே டிரிப்புகள், அவருக்குச் சம்பளம் மட்டும் குறைவு, லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. வண்டியை மாற்றிக்கொள்ளும்போது நாலு வார்த்தை பேசுவோம். பிரேக் கொஞ்சம் லேட்டாப் பிடிக்குதுங்க, மேல பனி ஜாஸ்தியா இருக்குது, பாதி வழியில மரம் விழுந்து கிடக்குது. இந்த மாதிரி.

ஒரு நாள் கேட்டேன். "நெஞ்சடைப்பு இன்னும் இருக்குதுங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இல்லீங்க. எப்பப் போச்சுன்னு தெரியலீங்க."

போன மாதம் சங்கத்தில், ஒப்பந்த டிரைவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. நான் கேட்டுக்கொண்டதால்தான் செயலாளர் அதை எடுத்தார் என்று நினைக்கிறேன். விவாதம் நீண்டது. அவர்கள் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள் இல்லை, அவர்களைச் சேர்த்தால் நம் தரம் என்ன ஆவது என்று ஒருவர் கேட்டார். இப்படிக் கேட்டவரும் என்னைப் போலவே, தூங்குகிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலைக்குப் பழகியவர்தான். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன். செயலாளரும் தூக்கினார். அங்கங்கே இன்னும் சில கைகள். போதவில்லை.

மறுநாள் காலை ஸ்டாண்டில் அந்த லாரிக்காரரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, ஒப்பந்த ஆட்களைச் சேர்க்கவில்லை என்று சொன்னேன். அவருக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும் போல.

"செரிங்க" என்றார். கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தார், சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டார், ஏறுகிறவர்களுக்காகக் காத்திருந்தார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வீட்டுக்கு நடந்தேன்.