நோட்டுக்குக் குடிபோன பிள்ளையார்

அது 1962-ஆம் வருஷம், தை மாதம். நாங்கள் புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்தில் குடியிருந்தோம். என் மூத்த மகளுக்கு மாசியில் கல்யாணம் வைத்திருந்தோம். ஒரு பக்கம் மிளகாய், ஒரு பக்கம் உளுந்து என்று வீடு முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த லட்சணத்தில், ஆறாம் வகுப்பு படித்த என் இளையவள் பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பு என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

கைவேலை டீச்சர் புதிதாக வந்தவர். ஆளுக்கு ஒரு வெறும் நோட்டு வாங்கி, அதன் அட்டையைக் கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டி அழகாக்கிக்கொண்டு வரவேண்டும், நன்றாக இருப்பவற்றை ஆண்டு விழாவில் பார்வைக்கு வைப்போம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்துத் தையல் கடைகளில் ஒரு துண்டுத் துணி மிஞ்சவில்லை. தீப்பெட்டிப் படம், ஜிகினாத் தாள், பழைய சேலைக் கரை, வளையல் துண்டு, எதைப் பார்த்தாலும் பிள்ளைகள் கேட்டார்கள்.

சனிக்கிழமை வகுப்புக்கு அம்மாக்களும் வரலாம் என்றார்கள். மைதா பசை காய்ச்சிக் கொண்டுபோகும் சாக்கில் நானும் போனேன். கல்யாண வேலையை எல்லாம் மறந்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஜிகினா ஒட்டிய சுகம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! பக்கத்துப் பிள்ளை கரையைக் கோணலாக ஒட்டியிருக்கிறாளே என்று நான் பிரித்து ஒட்டப் போனேன். “நீங்க சும்மா இருங்கம்மா, அவளே ஒட்டட்டும்” என்று டீச்சர் என்னை அதட்டினார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

என் மகள் சிவப்புப் பட்டுத் துணியைச் சுற்றிலும் ஒட்டியிருந்தாள். நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. அன்று சாயந்தரம் நான் புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“நடுவுல மொட்டையா இருக்கும்மா. கல்யாணப் பத்திரிகைல ஒண்ணு எடுத்துக்கவா?”

“எடுத்துத் தொலை. எதையும் வீணாக்காம இருந்தாச் சரி” என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை பார்த்தால், சிவப்புப் பட்டுக்கு நடுவே எங்கள் பத்திரிகையின் தங்க மினுக்குப் பிள்ளையார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். ஓரம் பிசிறாமல், காலடி மூஞ்சூறைக்கூட விடாமல் வெட்டியிருந்தாள். வகுப்பே அவளைச் சுற்றிக் கூடிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டுமாவடியில் கருவாட்டு வியாபாரம் அவருக்கு. எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, வேலை நெருக்கத்தில், அவருக்குப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டோம். அவர் வரவில்லை. “தபால்காரன் கூப்பிட்டா நான் வரணுமா?” என்று யாரிடமோ கேட்டாராம். அதோடு பேச்சு நின்றுவிட்டது. நானும் ரோஷக்காரி, போய்ப் பார்க்கவில்லை. இப்போது மணமேடையில் என் பெண்ணுக்குப் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டுமே! அவர் வராவிட்டால் சம்பந்தி வீட்டார் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? ஊர் கிடக்கட்டும், அண்ணன் இல்லாமல் எனக்கு என்ன கல்யாணம்?

பத்திரிகை அச்சாகி வந்த அன்றே குலதெய்வத்துக்கு ஒன்று எடுத்துவைத்தேன். அடுத்ததற்கு மூலையில் மஞ்சள் தடவி, உறையில் போட்டு, அண்ணனுக்கென்று சாமி அலமாரியில் வைத்திருந்தேன். அதைத்தான் எடுத்துக்கொண்டு நானும் எங்கள் வீட்டுக்காரரும் கிளம்பினோம். இளையவளையும் கூட்டிக்கொண்டோம். அவள் என்றால் அண்ணனுக்கு உயிர். அவள் முகத்துக்காகவாவது வாங்க என்பார் என்று ஒரு நப்பாசை. அவளோ மாமாவுக்குக் காட்டவேண்டும் என்று அந்த நோட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அறந்தாங்கியில் பஸ் மாறிக் கட்டுமாவடி போய்ச் சேரும்போது நல்ல வெயில். மதினிதான் “வாங்க, வாங்க” என்று தண்ணீர் கொடுத்தார். அண்ணன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்தேன். இருவருமாகப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றோம்.

“அண்ணே, ஒங்க மருமகளுக்குக் கல்யாணம். நீங்கதான் முன்னாடி நிக்கணும்.”

அவர் தட்டை வாங்கி வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். உறையைப் பிரித்து அட்டையை வெளியே எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். அட்டையின் மேல்பாதியில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அண்ணனின் கண் என்னையே பார்த்தது.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன்.

“என்ன மாப்ள, எனக்குன்னா பிள்ளையார் கூட கெடையாதா?” என்றார் அண்ணன். குரல் தணிவாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயம். நல்ல காரியத்துக்குப் பிள்ளையார் இல்லாத பத்திரிகை! மதினி வாயில் கைவைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது, இனி இந்தப் படி ஏறமுடியாது என்று நினைத்துக் கண்ணீர் விட்டேன்.

அப்போது என் மகள், “பிள்ளையார் எங்கிட்ட இருக்காரு மாமா!” என்று ஆசையாகக் கத்திக்கொண்டே பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள்.

“அடிப்பாவி! மாமா பத்திரிகையவா வெட்டுனே?” என்றேன்.

“அதுலதான் மஞ்சள் எல்லாம் பூசி அழகா இருந்துச்சு. பிள்ளையாரை மட்டுந்தான் எடுத்தேன். எழுத்து ஒண்ணும் போகல. வீணாக்காதன்னு சொன்னேல்ல, அதான் திரும்ப உறையிலயே வச்சுட்டேன்.”

அண்ணன் நோட்டை வாங்கி மடியில் வைத்தார். பத்திரிகையை அதன்மேல் போட்டு இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஓட்டைக்குள் பிள்ளையார் கச்சிதமாக வந்து உட்கார்ந்தார். முதலில் மதினிக்குத்தான் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அண்ணனின் மீசை துடித்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் சொன்னார்: “அன்னிக்குத் தபால்ல முழுசா வந்துச்சு, ஆளு வரல. இன்னிக்கு ஓட்டையா வந்திருக்கு. ஆனா ஆளு வந்திருக்குல்ல, போதும் ஆத்தா. அழுவாத.”

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுதீர்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தார், பாவம்.

“பத்திரிகைன்னா பிள்ளையாரும் சேத்துத்தான். இந்த நோட்டு எனக்கு” என்றார் அண்ணன்.

“அய்யோ மாமா, திங்கக்கிழமை டீச்சர்ட்ட குடுக்கணும்!” என்று அவள் பிடுங்கிக்கொண்டாள்.

“சரி, நான் கல்யாணத்துக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவ்வளவு தூரம் போனேன். மதினி சுடச்சுட மீன்குழம்பு ஊற்றினார். நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாசியில் மேளதாளத்தோடு மாமன் சீர் வந்தது. பட்டுச்சேலை, பழம், தேங்காய் எல்லாவற்றுக்கும் பின்னால் மதினி ஒரு தட்டைத் தனியாகத் தூக்கி வந்தார். அதில் ஒரு கட்டு வெறும் நோட்டு, கலர் கலராக ஜிகினாத் தாள், ஒரு புதுக் கத்தரிக்கோல். சம்பந்தி வீட்டார் இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்கள். அண்ணன் பெண்ணுக்குப் பட்டம் கட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். நேரே சின்னவளிடம் போய், “எங்க ஆத்தா எம் பிள்ளையாரு?” என்று கைநீட்டினார். ஆண்டு விழாவில் வைத்திருந்த அந்த நோட்டை அவள் தயாராக வைத்திருந்தாள்.

போன வருஷம் கட்டுமாவடி போனபோது பார்த்தேன். அவர் கடையில் சாமி படங்களோடு படமாக அந்த நோட்டும் நிற்கிறது. உள்ளே ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. “இதுல கருவாட்டுக் கணக்கு எழுதச் சொல்றியா?” என்று, ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்ட என்னையே கோபித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் யாருக்குப் பத்திரிகை வைக்கப் போனாலும், உறையைப் பிரித்துப் பிள்ளையார் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன். ஆனாலும், அன்றைக்கு அவர் உறைக்குள் இருந்திருந்தால் என் அண்ணன் அப்படிச் சிரித்திருப்பாரா என்று நினைக்கும்போதெல்லாம், வெட்டிய அந்தச் சின்னக் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கத்தான் தோன்றுகிறது.