அப்பாவின் துவக்குக்கு ஒரு பெட்டி

வேட்டைத் துவக்கு வைக்கும் பெட்டி வாங்குவதற்காக நான் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள்: யாரிடமிருந்து பூட்ட வேண்டும்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. எல்லோரிலும் இளையவள் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. பூட்ட வேண்டியிருந்தது அப்பாவிடமிருந்து. துவக்கும் அவருடையதுதான்.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். வன்னியில் வயலும் காடும் பார்த்து வளர்ந்தவர். ரொறன்ரோவுக்கு வந்து மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே பக்கத்து ஊரான விட்பியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு வெள்ளைக்காரர் பழக்கமானார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் நாற்பது சொல் இருக்கும். அதை வைத்துக்கொண்டே இலையுதிர் காலத்தில் வடக்கே மான் வேட்டைக்குப் போனார்கள். பிறகு அப்பாவுக்கும் சொந்தமாக ஒரு துவக்கு வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கான வகுப்புப் புத்தகத்தை நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். சோதனையிலும் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார்.

அக்கம்பக்கத்தில் பகிடிக்குக் குறைவில்லை. வோபர்னில் எங்கள் வரிசை வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளியிருந்த அன்ரி அப்பாவைக் கண்டால் விடமாட்டார்.

"என்ன அண்ணை, மான் வத்தல் எப்ப வரும்?"

"மான் எல்லாம் உன்ரை குரல் கேட்டு ஓடிப்போச்சுது பிள்ளை."

அப்படிப் பேசிய மனிதர்தான் அவர்.

அண்ணா வன்னியில் இருந்தான். அப்பா, அம்மா, நான் மூவரும் முதலில் வருவது, அவன் பின்னால் வருவது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அப்பா. 'பொம்பிளைப் பிள்ளை முதல்லை போகட்டும்' என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது. அவனைக் கூப்பிடுவதற்கான படிவங்களை நான்தான் நிரப்பினேன். ஒரு பிழைகூட விடவில்லை. செல் குண்டு விழுந்து அவன் போய்விட்டான் என்ற செய்தி, படிவங்கள் குடிவரவுக் கந்தோரில் கிடந்த காலத்தில், தொலைபேசியில் வந்தது.

அம்மா அழுதாள். நான் அழுதேன். அப்பா அழவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். சில மாதம் போனபின், வேலை முடிந்து வந்ததும் நிலவறைக்கு இறங்கி, பழைய சாரத்தில் சுற்றி வைத்திருந்த துவக்கை எடுத்து மடியில் வைத்துத் துடைக்கத் தொடங்கினார். வேட்டைக்காலம் இல்லை. விட்பிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் துடைத்தார்.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டு இறங்கினேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "நான் இருந்து இனி ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்றார். வானிலை சொல்வதுபோலச் சொன்னார். தேத்தண்ணியை வைத்துவிட்டு மேலே வந்தேன். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

துவக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "இந்த நாட்டிலை என்ரை பேரிலை இருக்கிற ஒரே சாமான் உதுதான்" என்றார். பொலிசைக் கூப்பிடலாம். ஆனால் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போதுதான் போயிருந்தது. பொலிஸ் வந்தால் ஒரு கோப்பு திறப்பார்கள், அந்தக் கோப்பு எங்கெல்லாமோ போகும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவதுபோல நானும் பயந்தேன். பல்கலைக்கழகத்தில் படித்தும் அந்தப் பயம் போகவில்லை. டொக்டரிடம் போகலாம் என்றால், காத்திருக்கும் அறை முழுக்க எங்கள் சனம் என்று அப்பா மறுத்தார். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மகனை இழந்தவளுக்கு இதையும் ஏன் சொல்ல வேண்டும், நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதமும் என் கைக்கு வந்த பிறகுதான் பொருள் பெறும். அந்தப் பெருமை எனக்கு அளவுக்கு மேல் இருந்தது.

ஆகவே பெட்டி. சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். மெல்லிய தகட்டு அலுமாரிகள் பார்வைக்கு அழகாக இருந்தன. மூன்றாவது கடைக்காரர் கதவு விளிம்பில் பெருவிரலை வைத்து அழுத்திக் காட்டினார், தகடு வளைந்தது. "ஒரு ஸ்குரூட்ரைவர் போதும்" என்றார். பிறகு கனமானதைக் காட்டினார். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் நகம் நுழையாது. பூட்டுப் பக்கம் மட்டுமில்லாமல் பிணைச்சல் பக்கமும் இரும்புத் தாழ்கள் உள்ளே போய்ப் பிடித்தன. அடியில் நான்கு துளை, சீமெந்துத் தரையோடு முடுக்குவதற்கு. நிலவறை ஈரத்தை உறிஞ்சுவதற்கு உள்ளே வைக்க ஒரு பொட்டலம் தந்தார்.

"திறப்புப் பூட்டா, எண் பூட்டா?"

திறப்பு என்றால், அந்தச் சாவிக்கு எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைப்பாள். அது அங்கேதான் இருக்கும் என்று வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். எண் பூட்டு என்றேன். பூட்டுக்காரர் வந்து எண்ணை அமைப்பார், மாற்றுவதென்றாலும் அவர்தான் வரவேண்டும் என்றார்கள். பிறந்தநாள், வீட்டிலக்கம் எதுவும் வேண்டாம் என்று ஒன்றோடொன்று சேராத மூன்று எண்களைச் சொன்னேன். அவற்றை எங்கும் எழுதி வைக்கவில்லை.

பெட்டி வருவதற்கு முதல்நாள் சாப்பாட்டு மேசையில் அரசாங்கத்தின் துண்டுப்பிரசுரத்தை விரித்து அப்பாவுக்கு வாசித்தேன். துவக்கைப் பூட்டி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இல்லாத ஒரு வரியையும் சேர்த்து வாசித்தேன்.

"சொந்தக்காரர் தனியத் திறக்கக் கூடாதாம் அப்பா. வீட்டிலை வேறை ஒராள்தான் நம்பர் வைச்சிருக்க வேணுமாம்."

"உப்பிடியும் ஒரு சட்டமோ?"

"ஓம்."

அந்தத் தாளை வாங்கி, தன்னால் வாசிக்க முடியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்ச பிள்ளை சொன்னாச் சரி" என்றார். என் காது சுட்டது. ஆனாலும் அன்று கொஞ்சம் நித்திரை கொண்டேன்.

அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு வேறு கணக்குப் போட்டாள். அந்த வருடம் தமிழர் வீடுகளாகப் பார்த்துக் களவு நடந்துகொண்டிருந்தது. நகை வீட்டிலேயே இருக்கும் என்று கள்ளருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாளே தாலிக்கொடி, காப்பு, பதக்கம் எல்லாம் ஒரு வெல்வெட் பையில் கட்டிக்கொண்டு நிலவறைக்கு வந்தாள். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி மட்டும் மிச்சம்.

"இவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி வாங்கி, உந்தத் துவக்கை மட்டுமே வைக்கிறது?"

மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்லவும் மனமில்லை. வைத்தேன்.

அண்ணாவின் ஆட்டத்திவசம் முடிந்து சில வாரத்தில், சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு வந்தது. வருடம் முடிந்த பிறகு வரும் முதல் நல்ல காரியம், போகாவிட்டால் குறை நினைப்பார்கள் என்று அம்மா போவதாக முடிவெடுத்தாள். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். நகையை வெள்ளிக்கிழமையே எடுத்துத் தரவேண்டும் என்று நினைத்திருந்தேன். பரீட்சைக் கட்டுரை ஒன்று எழுதும் அவசரத்தில் மறந்துபோனேன்.

சனிக்கிழமைகளில் நான் ஒரு பெரிய கடையில் பணப்பெட்டிக்கு நிற்பவள். பத்தரை மணிக்கு என் பணப்பெட்டிப் பக்கத்துத் தொலைபேசி அடித்தது. அம்மா, நிலவறையிலிருந்து. என் முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"பிள்ளை, அவை காரோடை வாசல்லை நிக்கினம். நம்பரைச் சொல்லு."

"நான் வந்து எடுத்துத் தாறன் அம்மா."

"எப்ப, பின்னேரமோ? ஒரு வருசத்துக்குப் பிறகு சபைக்குப் போறன். வெறுங்கழுத்தோடை போய் நிக்கச் சொல்லுறியோ?"

மேலாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஒருவர் நாணயத்தால் மேசையைத் தட்டினார். நான் மூன்று எண்களையும், எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்பதையும் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றையும் உரத்த குரலில் திருப்பிச் சொன்னாள். பிறகு, "இதென்ன கோதாரி, எனக்கு இந்தக் கோடு ஒண்டும் தெரியேல்லை. இஞ்சருங்கோ, ஒருக்கா இறங்கி வாங்கோ" என்று கூப்பிட்டாள்.

"அம்மா, வேண்டாம்! அப்பாவைக் கூப்பிடாதேங்கோ!"

கேட்கவில்லை. தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டாள். தூரத்தில் அப்பாவின் குரல் கேட்டது.

"எத்தினை எண்டு சொன்னவள்?"

மூன்று எண்களும் அம்மாவின் வாயால் அவருக்குப் போய்ச் சேர்வதை, ஒரு பெண்ணின் பால் பெட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கேட்ட எண் எதையும் மறந்ததில்லை.

மேலாளரிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கடை வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டு வீட்டுக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா போய்விட்டாள், அப்பா எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். பஸ் வந்தது. எல்லாத் தரிப்பிலும் நின்றது. ஒரு கிழவர் ஏறி, சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். அவரைத் தள்ளிவிடவேண்டும் போல இருந்தது. இரண்டாவது பஸ்ஸுக்கு நிற்காமல் மார்க்கம் வீதி நெடுக ஓடினேன். பனி கரைந்த சேறு சப்பாத்துக்குள் ஏறியது. எத்தனை தாழ், எவ்வளவு தடித்த இரும்பு என்று நான் பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் அந்த ஓட்டத்தில் நினைவுக்கு வந்தது. என்னை நானே அடிக்கவேண்டும் போல இருந்தது.

முன்கதவு பூட்டாமல் கிடந்தது. "அப்பா" என்றேன். பதில் இல்லை. நிலவறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் கடைசிப் படியில் இருந்தார். கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்தியிருந்தார். பெட்டி மூடியிருந்தது.

"அப்பா."

"நம்பரை மாத்து பிள்ளை." அவர் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இண்டைக்கே மாத்து."

நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பிடி ஒரு சட்டம் இல்லையெண்டு எனக்குத் தெரியும்," என்றார். "அந்தக் கிழமையே வேலையிலை கேட்டனான்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நல்லதெண்டுதான் இருந்தனான். எனக்குத் தெரியாமல் இருந்தது நல்லாயிருந்தது." தாடையால் பெட்டியைக் காட்டினார். "கொம்மா கூப்பிட்டுத் திருப்பச் சொன்னா. திருப்பினன். அவ நகையை எடுத்துக்கொண்டு போட்டா. மறக்கப் பாக்கிறன், ஏலாமக் கிடக்கு."

பூட்டுக்காரருக்கு எடுத்தேன். செவ்வாய்க்கிழமைதான் வரலாம் என்றார். செவ்வாய் வரைக்கும் எங்களிடம் நேரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"துவக்கு இந்த வீட்டிலை இருக்கக் கூடாது அப்பா."

அவர் மறுக்கவில்லை. விட்பிக்காரரின் இலக்கத்தைத் தானே சொன்னார். அந்த மனிதரிடம் நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. என் அப்பா தன்னை என்ன செய்துகொள்வாரோ என்று பயமாக இருக்கிறது, வந்து அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். இந்த ஒரு வசனத்தை எந்த மொழியிலும் நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. "நாற்பது நிமிடம்" என்றுவிட்டு வைத்தார்.

அந்த நாற்பது நிமிடமும் பெட்டிக் கதவில் முதுகை வைத்துக்கொண்டு தரையில் இருந்தேன். அப்பா படியில் இருந்தார். இரும்பு குளிர்ந்தது. ஒருதடவை மட்டும், "நான்தான் அவனை நிக்கச் சொன்னது" என்றார். என்னை முதலில் அனுப்பினீர்கள், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லலாம். அதுவே அவருக்குக் கூரான கத்தியாகப் போகலாம்.

விட்பிக்காரர் வந்தார். சேற்றுச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். நான் பெட்டியைத் திறந்துவிட, துவக்கையும், அப்பா வேறிடத்தில் பூட்டி வைத்திருந்த தோட்டாக்களையும் ஒரு பையில் போட்டார். அப்பாவின் தோளில் கையை வைத்தார். தங்கள் நாற்பது சொற்களில் ஒன்றைக்கூட இருவரும் பேசவில்லை. வண்டி போகும் சத்தம் கேட்கும் வரைக்கும் அப்பா கையைத் தொடைக்குக் கீழிருந்து எடுக்கவில்லை.

நாலு மணிக்கு அம்மா வந்தாள். தலையில் பூ, கழுத்தில் தாலிக்கொடி, கையில் பலகாரப் பை. குசினியில் வைத்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணி நாளிலிருந்து சொன்னேன். பையை மேசையில் வைத்தாள்.

"எத்தினை மாசமாய்?"

"ஆறு."

"ஆறு மாசமாய் நான் அந்த மனிசனுக்குப் பக்கத்திலை படுக்கிறன். எனக்கு ஏன் சொல்லேல்லை? படிச்சாப்போலை உனக்கென்ன கொம்பு முளைச்சதோ?"

முளைத்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவள் சேலையைக்கூட மாற்றாமல் நிலவறைக்கு இறங்கினாள். அவள் அவரைத் திட்டுவது மேலே கேட்டது. "என்னைத் தனிய விட்டிட்டுப் போகவோ பாத்தனீங்கள்? அவன் எனக்கும் பிள்ளைதானே!" பிறகு, அண்ணாவின் செய்தி வந்த நாளில்கூட நான் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. அப்பா அழுதார். மரம் முறிவதுபோல ஒரு சத்தம். நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை.

டொக்டரின் கந்தோருக்கு எடுத்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் திறப்போம் என்று பதிவுக்குரல் சொன்னது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போவோம் என்று படியில் நின்று கேட்டேன். அப்பா தலையை அசைத்தார். அந்த அசைவு ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா எழுந்து, அவருடைய குளிர் ஜக்கெட்டை எடுத்து வரச் சொன்னாள்.