ஆறு பேருக்கு எடுத்த டிக்கெட்

ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் கோலப்பனின் ஒரே மகள் ஸ்ரீப்ரியா. பி.காம் கடைசி வருடம். வகுப்பில் எல்லாருக்கும் அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பவள், கேன்டீனில் எல்லாருக்கும் இடம் பிடித்து வைப்பவள். அதற்குப் பெயர் நட்பு என்று நினைத்திருந்தாள், அசடு! கார் மட்டும் அவளுக்கு ஆகாது. போன வருடம் பொன்முடி மலைக்குப் போகிற வழியில், கூடப் படிக்கும் அபிலாஷின் புதுக் காரில் வாந்தி எடுத்துவிட்டாள். அதை அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இந்தத் தடவை ஆறு பேர், கோவா. காரா, ரயிலா என்று வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு. ரயில் என்றால்தான் கோலப்பன் விடுவார்; அதுவும் கூட வரும் ஐந்து பேரையும் ஸ்டேஷனில் கண்ணால் பார்த்த பிறகு. ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியறியாத பெண். குழுவில் கெஞ்சினாள். பத்தே நிமிடத்தில் ஆறு வாக்கும் ரயிலுக்கு விழுந்தது. அபிலாஷ்கூட ரயிலுக்குத்தான் போட்டான். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. முன்பதிவு திறந்த அன்று காலை எட்டு மணிக்கே ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் எடுத்துவிட்டுத் துள்ளினாள்.

புறப்படும் நாள் காலை. தம்பானூர் ஸ்டேஷனில் கோலப்பன் ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு நின்றார். ஆறு பேருக்கும் சேர்த்து அவர் மனைவி பகவதியம்மாள் செய்தது. வண்டி கிளம்பப் பத்து நிமிடம், ஒருவரையும் காணோம். ஸ்ரீப்ரியா தள்ளிப் போய் ஆஷாவுக்குப் போன் போட்டாள். முதல் வருடத்திலிருந்து பக்கத்து இருக்கைக்காரி, கரமனை ஆஷா.

"சாரிடீ. நாங்க கார்ல ஆலப்புழை எத்தியாச்சு. ட்ரெயின்ல இருபது மணிக்கூர் யாரால இருக்க முடியும்?"

"பின்ன என்னை ஏன் டிக்கெட் எடுக்க விட்டீங்க?"

"கார்னு முதல்லயே சொல்லியிருந்தா நீ அழுது கரைஞ்சு எங்க ஜாலி மூடையும் களைஞ்சிருப்பே."

பின்னால் அபிலாஷின் குரல் கேட்டது. "ஆறு பெர்த்லயும் மாறி மாறி வாந்தி எடுக்கச் சொல்லு!"

கார் முழுக்கச் சிரிப்பு. ஆஷாவும் சிரித்தாள். அட பாவிகளா, ஏழு பேர் போகிற வண்டியில் இரண்டு இருக்கை காலியாகத்தான் போனது!

"என்ன மக்கா சொல்லுதாவ?" என்று கேட்டபடி கோலப்பன் வந்தார்.

அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு உண்மை வாயில் வரவில்லை.

"எல்லாரும் கொல்லத்துல ஏறுதாவளாம்ப்பா."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவளை வண்டியில் ஏற்றி, டப்பாவை இருக்கையில் வைத்து, எதிரே இருந்தவரிடம், "பிள்ளைய எல்லாம் கொல்லத்துல ஏறும், இடத்தைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வண்டி மறையும்வரை கை காட்டினார்.

கொல்லம் வந்தது, போனது. டிக்கெட் பரிசோதகர் மற்ற ஐந்து பேரும் எங்கே என்றார். வரமாட்டார்கள் என்றாள். அவர் குறித்துக்கொண்டு நகர்ந்தார். உடனே அப்பாவின் அழைப்பு.

"ஏறியாச்சா மக்கா? அந்த ஆஷா பிள்ளைகிட்ட போனைக் குடு."

ஸ்ரீப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொண்டையைச் செருமிக் குரலை மாற்றினாள்.

"ஹலோ அங்கிள், ஆஷாவாக்கும். எல்லாரும் ஏறியாச்சு."

"எம்மவள நல்லா பாத்துக்கிடு மக்கா. உங்கள விட்டா அவளுக்கு வேற கூட்டு கிடையாது."

"பாத்துக்கலாம் அங்கிள்" என்றாள்.