ஏகாம்பரத்தின் கால் விரல்கள்

போன வாரம் எங்கள் மேனாம்பேட்டு அடுக்ககத்தில், மூன்றாம் மாடிப் பெரியவர் காலமானார். பெரியவர் என்கிறேன்; என்னைவிட இரண்டு வயது இளையவர். ஐ.டி.யில் இருக்கும் அவர் மகன் என் கதவைத் தட்டி, "அங்கிள், அடுத்து என்ன ப்ரொசீஜர்?" என்றான். சொன்னேன். இருபது நிமிடத்தில் குளிர்பெட்டி வந்துவிட்டது. அழுகை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ரோஜா மாலையும் ஊதுவத்தியும் கலந்த வாசனை மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. அந்த வாசனை வந்தால் எனக்கு ஏகாம்பரம் நினைவு வந்துவிடும்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் அப்போது நான் எழுத்தர். சேர்ந்து நான்கு வருடம்தான். ஆனால் விதிப்புத்தகம் மனப்பாடம். குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் சாவு என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு ஒருவரும் கூப்பிட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏகாம்பரம் பக்கத்து வீட்டு ஃபிட்டர். இதய நோயாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியோடு சரிந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கை சில்லிட்டிருந்தது.

முறைப்படி முதலில் டாக்டர். ஆனால் குவார்ட்டர்ஸுக்கு வழக்கமாக வரும் டாக்டரம்மாவின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், வர நேரமாகும். அதற்குள் மற்ற வேலைகளை முடிப்போமே என்று வரிசையை மாற்றினேன். நான் விதியை மீறியது அன்று ஒரு நாள்தான். பாடை கட்ட ஆட்களை வரவழைத்தேன். வெள்ளைத் துணியைக் கிழித்து, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். பிறகு இறப்புச் சான்றுக்கான தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா சார் எய்தற?" என்றாள் அவர் மனைவி கன்னியம்மா.

"டாக்டர் கையெழுத்துக்கும்மா. பாடியை எப்ப எடுக்கறதுன்னு..."

"பாடியா? அதுக்கு ஏகாம்பரம்னு பேர் கீது. கட்ட அவுத்து உடு சார். அது மூச்சு உட்டுகினுதான் கீது."

துக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். அதற்கும் என்னிடம் ஒரு நடைமுறை இருந்தது: தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்வது.

டாக்டரம்மா வந்தார். "ஃபேனை நிறுத்துங்க. யாரும் அழாதீங்க" என்றார். ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். கன்னியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். வாசலில் மூங்கில் வெட்டும் சத்தம். நான் வரவழைத்த ஆட்கள் சுறுசுறுப்பானவர்கள்.

"அதையும் நிறுத்தச் சொல்லுங்க."

நின்றது. என் கடிகாரம் எனக்கே கேட்டது. டாக்டரம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "கால் கட்டை அவிழ்த்துவிடுங்க. சீக்கிரம்."

என் முடிச்சுதான். எனக்கே அவிழவில்லை. கன்னியம்மா என்னைத் தள்ளிவிட்டு, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு ஏகாம்பரம் நாற்பது நாள் இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷிஃப்டுக்குப் போகிற சைக்கிள்களையும் எதிர்வீட்டு முருங்கை மரத்தையும் வேடிக்கை பார்ப்பார். என்னைக் கண்டால், "வா நைனா, அளவெடுக்க வந்தியா?" என்பார். போய்த் திரும்பியவருக்கு வாழ்க்கையின் பொருள் ஏதாவது பிடிபட்டிருக்குமே என்று ஒருநாள் கேட்டேன். படித்தவன் புத்தி.

"ஒண்ணியும் பாக்கல சார். இவ கத்துனது கேட்டுது. நீ பேனாவால கர்ரு கர்ருன்னு எய்திகினு இருந்தியே, அதுவும் கேட்டுது." சிரித்தார். அவர் முருங்கையைக் காட்டி, "அத்த வுடு. பூ இன்னாமா கொட்டுது பாரு" என்றார். பார்த்தேன். வேறென்ன செய்ய?

நாற்பத்தோராம் நாள் காலை மீண்டும் கூப்பிட்டார்கள். நான் எதையும் தொடவில்லை. டாக்டரம்மா வரும்வரை சுவரோரம் நின்றேன். அவர் வெகுநேரம் கேட்டுவிட்டு, காதிலிருந்து குழாயை எடுத்தார். முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"இன்னொரு தபா பாரும்மா," என்றாள் கன்னியம்மா.

டாக்டரம்மா மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, இடம் மாற்றி இடம் மாற்றி, முழுதாகக் கேட்டார்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். ரயில்வே கேட் இருந்த இடத்தில் மேம்பாலம். டாக்டரம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறவர்கள் இப்போது யார் வீட்டுக்கும் வருவதில்லை.