நாங்கள் விதைக்காத அவரை

சபை நடுவே ஓடித் திரிந்து உங்களைப் பாட விடாமல் செய்கிறாளே என் மகள் எஸ்தர், இவள் கைக்குழந்தையாக இருந்தபோது பிழைப்பாளா என்றே எனக்குத் தெரியவில்லை. என் மார்பில் பால் வற்றிவிட்டது. அடுப்பில் வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. நான்கு வருஷம் ஆகிறது. அந்தப் பட்டினியிலிருந்து ஆண்டவர் எங்களைத் தூக்கி எடுத்ததைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். மழை பொய்த்துக்கொண்டே இருந்த காலம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் ராகி. எங்கள் பக்கம் ராகியைத் தனியாக யாரும் விதைப்பதில்லை. தமிழ் பேசுகிறவரோ கன்னடம் பேசுகிறவரோ, சில உழவுச் சால் ராகிக்கு ஒரு சால் அவரை போட்டுவிடுவார்கள். மழை ஏமாற்றினால் ராகி போகும், அவரை தாங்கும்.

எங்கள் வீட்டுக்காரர் ஞானஸ்நானம் எடுத்து அது இரண்டாம் வருஷம். அதற்கு முன்னால் அவர் இருந்த இருப்பு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். குடித்துவிட்டு வரப்பில் விழுந்து கிடப்பார். அந்த மனிதரைத் தூக்கி உட்கார வைத்தது வேதப்புத்தகம். தினமும் எழுத்துக் கூட்டி வாசிப்பார். வாசித்ததை அப்படியே செய்வார். அந்த ஆடி மாதம், வயலில் இரண்டு வகை விதையைக் கலந்து விதைக்கக் கூடாது என்ற கட்டளை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

அவ்வளவுதான். ராகியை மட்டும் விதைத்தார். விதைக்கு வைத்திருந்த அவரையைத் தூக்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டார். இரண்டு வகை நூல் கலந்த துணியும் கூடாது என்று அங்கேயே இருந்ததாம். அவருடைய கம்பளியின் ஓரம் பருத்தி நூலில் தைத்தது. அதையும் மடித்து மூலையில் வைத்துவிட்டு வெறும் துண்டோடு நடுங்கிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய அண்ணன் நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. வரப்பில் நின்று, "ஏன்டா, ஒங்க சாமிக்கு அவரை மேல என்னடா கோவம்?" என்று கேட்டார். கேலிதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்தர் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

உபதேசியார் ஓசூரிலிருந்து சைக்கிளில் வந்தபோது நானே அவரிடம் முறையிட்டேன். அது அந்தக் காலத்து இஸ்ரவேலருக்குக் கொடுத்த சட்டம், நம்மைக் கட்டாது என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். வீட்டுக்காரர் அவரைத் திருப்பிக் கேட்டார்.

"ஐயா, இந்த வரி எனக்கில்லீங்கன்னா, என் பாவத்த மன்னிச்சுட்டேன்னு சொல்ற வரி மட்டும் எனக்குத்தான்னு எப்படீங்க நம்பறது?"

அவர் குரல் நடுங்கியது. பிடிவாதம் என்று நான் நினைத்திருந்தது பயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு வரி கழன்றால் எல்லாம் கழன்றுவிடும், தான் பழையபடி வரப்பில் போய் விழுந்துவிடுவோம் என்று பயந்தார். அதற்குப் பிறகு அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவரோடுதான் போட்டேன். "இவர் விசுவாசமும் கெடக் கூடாது, என் பிள்ளையும் பட்டினி கிடக்கக் கூடாது. ரெண்டையும் எப்படிச் செய்வீரோ, அது உம்முடைய பாடு" என்று அழுது ஜெபித்தேன்.

ஆவணியில் களை எடுக்கப் போனோம். ராகிப் பயிருக்கு நடுவே அங்கும் இங்கும் அவரை முளைத்திருந்தது! முந்தின வருஷம் அவரைக்காய் அடித்து எடுத்தபின் மிஞ்சிய சக்கையையெல்லாம் குப்பைக்குழியில் கொட்டியிருந்தோம். அந்த எருவை வயலில் இறைத்தபோது உள்ளே கிடந்த விதையும் கூடவே வந்திருக்கிறது. இது எனக்கும் தெரியும். ஆனால் குப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது நம் ஆண்டவருக்குப் புதிய வேலையா?

வீட்டுக்காரர் களைக்கொத்தை ஓங்கிவிட்டார். நான் குழந்தையோடு போய் முன்னால் நின்றேன்.

"வெதைக்காதன்னுதானங்க போட்டிருக்குது? தானா மொளச்சதப் புடுங்கிப் போடுன்னு எங்கங்க போட்டிருக்குது?"

அவர் களைக்கொத்தைக் கீழே போட்டார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து வெகுநேரம் புரட்டினார். பிறகு, கோதுமையும் களையும் அறுப்புவரைக்கும் சேர்ந்தே வளரட்டும் என்று இயேசு சொன்ன உவமையை எனக்கு வாசித்துக் காட்டினார். "அறுப்பு வரைக்கும் இருக்கட்டும், புள்ள" என்றார். உவமையைக்கூட அந்த மனிதர் எழுத்துப்படிதான் எடுத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

புரட்டாசியில் மழை நின்றது. கதிர் வாங்கும் நேரத்தில் ராகி காய்ந்து மாட்டுத் தீனியாகிவிட்டது. கூழ் நாளுக்கு நாள் தண்ணீராயிற்று. என் பாலும் நின்றது, பிள்ளைக்குக் கூழ்த் தண்ணீரைத்தான் புகட்டினேன். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவரைக் கொடியோ பூவில்லாமல் சும்மா படர்ந்து நின்றது. ஆண்டவரும் என்னை ஏமாற்றிவிட்டார் என்றே எண்ணிவிட்டேன்.

கார்த்திகையில் பனி இறங்கியது. அந்தப் பனியைக் குடித்தே கொடி பூத்தது, காய் பிடித்தது. முதல் காயை உரித்து, உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டேன். சில நாளில் பால் சுரந்தது. ஆனால் வீட்டுக்காரர் அதைத் தொடவில்லை. கலந்து விளைந்தது தீட்டு என்று தண்ணீர்க் கூழையே குடித்தார். எலும்பும் தோலுமாகிவிட்டார். பிள்ளை பிழைத்தாள், புருஷனைப் பறிகொடுப்பேனோ என்று புதுப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் எஸ்தர் வயிறு நிறையக் குடித்துவிட்டு, வாயோரம் பால் வழிய அவர் மடியில் தூங்கிப்போனாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இது தீட்டா புள்ள? இவ வயித்த ரொப்புனது தீட்டா?" என்றார். பிறகு, "எனக்கும் ஒரு பிடி போடு" என்று தட்டை நீட்டினார்.

போட்டேன். சாப்பிட்டார். அவர் பயந்ததுபோல எதுவும் கழன்று விழவில்லை. மன்னிப்பு அப்படியே இருந்தது. அவர் மறுபடி குடிக்கவும் இல்லை. முன்பு வேதத்தைக் கையில் எடுத்தால் அடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். இப்போது வாசிக்கும்போதே நடுநடுவே சிரிக்கிறார். அடுத்த ஆடியில் அண்ணனிடம் போய் அவரை விதை கேட்டு வாங்கிவந்து என் மடியில் கொட்டி, "எனக்குப் பின்னால போட்டுக்கிட்டே வா" என்றார்.

ஸ்தோத்திரம் ஆண்டவரே. நான் கேட்ட இரண்டையும் கொடுத்தீர்.

சகோதரிகளே, சகோதரர்களே, உங்களில் யாராவது ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பயந்து நடுங்கிக்கொண்டிருந்தால், அதைக் கொடுத்தவரிடமே போய் அழுங்கள். வேதத்தை விடாமல் வாசியுங்கள். பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.