இடப்பக்கம் மட்டும் தெரிந்த குதிரை

ஜப்பான்காரன் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி, குதிரை மேல் உட்காரும் பதவி. அதற்கு என்னிடம் இருந்த தகுதியும் ஒன்றுதான், கனமில்லாமல் இருந்தது. ஒன்பது வயதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று நானே ஒரு கிழங்குக் குச்சியாகிவிட்டேன் என்று அம்மா கண்ணைக் கசக்கினாள். மாமாவுக்கோ ஒரே சந்தோஷம். "எளங்குதிர முதுகுக்கு இது போதும்க்கா. இதுக்கு மேல சாப்பாடு போட்டுக் கெடுத்துடாத" என்றார். போடுவதற்கு வீட்டில் சோறு இருந்ததுபோலப் பேச்சு.

மாமா அம்மாவின் தம்பி. சண்டை வருவதற்கு முன்பு மலாக்காவுக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரத் துரையின் லாயத்தில் வேலை பார்த்தார். அந்தத் துரைக்குப் பந்தயத்தில் ஆசை கிடையாது. குதிரையை அடி பிசகாமல் நடக்க வைப்பதும், நேராகப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர வைப்பதும்தான் அவருக்குப் பைத்தியம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறிச் சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார். வளர்ந்த குதிரைகளைப் பட்டாளம் கொண்டுபோனது. மிச்சம் நின்றது யாரும் ஏறிப் பழகாத ஓர் இளம் பெண் குதிரை. துரை வைத்த இங்கிலீஷ் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பயந்து, மாமா அதற்குப் பவுனு என்று பெயர் மாற்றி, மலாக்கா ஊருக்குள் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகையில் கட்டினார்.

ஒரு குதிரையை எவ்வளவு நாள் மறைக்க முடியும்? பட்டாளத்துக் குதிரைகளைக் கவனிக்கும் ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். பவுனுவின் காலைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். இந்தக் குதிரை தனக்கு வேண்டும், துரை பழக்கியதுபோலவே பழக்க வேண்டும் என்று மலாயில் சொல்லி, சிவப்பு முத்திரை குத்திய ஒரு காகிதத்தைக் கொடுத்தார். பழக்கி முடிக்கும்வரை இந்த ஆளை வேறு எந்த வேலைக்கும் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்தக் காகிதத்தின் அருமை அன்றைக்கு மலாக்காவில் எல்லாருக்கும் தெரியும். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சந்தில் முடி வெட்டுகிறவர், ஓசியில் படம் காட்டுகிறார்கள் என்று கேட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு போனவர், அப்படியே லாரியில் ஏற்றப்பட்டார். மாமா காகிதத்தை நான்காக மடித்து எண்ணெய்த்துணியில் சுற்றி இடுப்பிலேயே வைத்திருந்தார். "குதிர இருக்கற வரைக்கும் தம்பிக்குப் பயமில்ல" என்று அம்மா அடிக்கடி சொல்லுவாள். மாமாவைப் பிடிக்க யாராவது வந்தால் பவுனு உதைத்துத் தள்ளிவிடும் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். பவுனுவின் பின்னங்கால்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பழக்கத் தொடங்கிய பிறகு மூன்று மாதம் நான் கண்டது நடப்பதும் நிற்பதும்தான். நின்றால் கட்டில் கால்போல நாலு காலும் ஒரே சீராக ஊன்ற வேண்டும். நடந்தால் என் இரண்டு கையிலும் கடிவாள வார் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். மாமா அடுப்புச் சாம்பலை அள்ளிப் புல்லில் நேர்க்கோடு போட்டு, அதன் மேலேயே போகச் சொல்லுவார். கோடு கலைந்தால் மறுபடி முதலிலிருந்து. "அஸ்திவாரம் ஆடுனா வீடு கட்ட முடியாது பாப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் தென்னை நிழலில் உட்கார்ந்துகொள்வார். வெயில் எனக்கும் பவுனுவுக்கும்.

அதன் பிறகுதான் பக்கவாட்டு நடை. வலது குதிகாலால் லேசாக அழுத்தினால் குதிரை இடது பக்கம் விலக வேண்டும். கழுத்து வளையாமல், ஒரு கால் இன்னொரு காலைக் குறுக்கே தாண்டி. முதல் வாரம் பவுனு என்னை முறைத்துப் பார்த்ததோடு சரி. பிறகு ஒரு நாள் ஓரடி நகர்ந்தது. மாமா உடனே நிறுத்தி, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, அன்றைய வேலை முடிந்தது என்றார். ஓரடிக்கு இத்தனை கொண்டாட்டமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன குடும்பம், தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய்தான். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "குடா கெத்தாம்" என்று பெயர் வைத்தாள். நண்டுக் குதிரை. அன்றிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு நான் நண்டு ராணி.

இடப்பக்கம் சீக்கிரம் வந்துவிட்டது. வலப்பக்கம்தான் உயிரை வாங்கியது. "குதிரைக்கும் நம்மள மாதிரி சோத்துக்கை பீச்சக்கை இருக்கு. ஒரு பக்கம் சுளுவா வரும், ஒரு பக்கம் மொரண்டு புடிக்கும். ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் பழகுன குதிர" என்றார் மாமா. இன்னும் இரண்டு மாதத்தில் அதுவும் வந்தது. வேலியிலிருந்து தென்னைவரை, தென்னையிலிருந்து வேலிவரை, நாங்கள் இருவரும் அலைபோலப் போய்வந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதிகாரி வருகிற நாட்களில்தான். அவர் வந்ததும் மாமாவின் முகம் தொங்கிவிடும். நடக்கச் சொல்லுவார், நிறுத்தச் சொல்லுவார், அவ்வளவுதான். "அடிப்படையே இன்னும் உறுதியாகல, துவான்" என்று மலாயில் இழுப்பார். அதிகாரி தலையாட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துப் பவுனுவுக்குக் கொடுப்பார். நாங்கள் சர்க்கரையைக் கண்ணால் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குதிரைக்குச் சர்க்கரை, எனக்கு ஒன்றும் தெரியாதவள் என்ற பெயர். எத்தனை நாள்தான் பொறுப்பது?

அன்று அதிகாரி வந்தபோதும் மாமா அதே பாட்டைப் பாடினார். "ஒரு சுத்து நடந்துட்டு வந்து நில்லு பாப்பா" என்றார். நான் நடந்தேன். வேலியோரம் வந்ததும் வலது குதிகாலை அழுத்தினேன்.

பவுனு அன்று நகர்ந்ததுபோல் அதற்கு முன்பும் நகரவில்லை, பின்பும் நகரவில்லை. தலை நிமிர்ந்து, கால் காலைத் தாண்டி, வேலியிலிருந்து தென்னைவரை ஒரே சீராகப் போய் நாலு காலையும் ஊன்றி நின்றது. நான் பெருமையோடு மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கை தானாக இடுப்புக்குப் போய்க் காகிதம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொல்லைக் கதவருகே நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி மெல்ல மாமா பக்கம் திரும்பினார். குதிரை தயார் போலிருக்கிறதே என்றார்.

"கிரி சாஜா, துவான்" என்றார் மாமா. இடப்பக்கம் மட்டும்தான். "கானான் தாக் தாஹு." வலப்பக்கம் சுத்தமாகத் தெரியாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய், இப்போதே காட்டுகிறேன் என்று இடது குதிகாலைத் தூக்கினேன். அதற்குள் மாமா ஓடிவந்து என்னை இடுப்போடு பிடித்து இறக்கிவிட்டார். அவர் பிடித்த பிடியில் இடுப்பு வலித்தது. என்மேல் உள்ள கோபத்தில் அப்படி இறுக்குகிறார் என்று நினைத்தேன்.

அதிகாரி கையுறையைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டு, தானே பவுனு மேல் ஏறினார். ஒரு சுற்று நடந்தார். சாம்பல் கோட்டின் மேல் நேராகப் போனார். அவர் முதுகு அசையவே இல்லை, அப்படி ஒரு உட்கார்தல். தென்னையருகே வந்ததும் அவருடைய இடது பூட்ஸ் லேசாக உள்ளே அழுந்தியதை நான் பார்த்தேன். பவுனு வலப்பக்கம் விலகியது. ஓரடி, இரண்டடி. நான் பழக்கியதுபோலவே, கால் காலைத் தாண்டி. அவர் உடனே நிறுத்தினார்.

குதிரை மேலிருந்தபடியே எங்கள் வீட்டைப் பார்த்தார், கதவருகே நின்ற அம்மாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்து அந்தக் கையுறையைப் பிழிந்துகொண்டு நின்றார்.

அதிகாரி இறங்கி, கடிவாள வாரை மாமா கையில் கொடுத்தார். "கானான் பெலும்" என்றார். வலப்பக்கம் இன்னும் வரவில்லை. ஆறு மாதமாவது ஆகும் என்று சொல்லி, காகிதத்தைக் கேட்டு வாங்கி, புதிதாக ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாமா இடுப்பை ஒடித்து வணங்கியவர் வெகுநேரம் நிமிரவில்லை.

அந்த ஆறு மாதம் முடிவதற்குள் சயாம் பாதை போட்டு முடிந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஆள் பிடிப்பதும் குறைந்தது. எதிர்ச் சந்து முடி வெட்டுகிறவர் திரும்பி வரவேயில்லை. மாமா எழுபத்தெட்டு வயதுவரை இருந்து, என் பேரப்பிள்ளைகளுக்கும் பவுனுவின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் அன்றைக்கு எனக்கு மாமாவின் பொய்யைவிட அதிகாரியின் மேல்தான் ஆத்திரம். போகும்போது அவர் பையிலிருந்து இரண்டு சர்க்கரைக் கட்டி எடுத்தார். ஒன்று பவுனுவுக்கு, ஒன்று எனக்கு. குதிரை மேல் உட்கார்ந்திருந்தும், அது வலப்பக்கம் நகர்ந்தது தெரியாத மண்டுவாக ஒருவன் இருப்பானா என்று நினைத்துக்கொண்டே, கரைந்துவிடாமல் இருக்க அந்தச் சர்க்கரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.