அம்மாவிடம் நான் கேட்கவேயில்லை

ரூபி அக்கா போய்விட்டார் என்று கைத்தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் வீரனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். வீரன் எங்கள் வீட்டு நாய். விரலெல்லாம் மீன்சாறு. புறங்கையால் திரையைத் தட்டி வாசித்தேன். உடனே அழுகை வரவில்லை. இனிமேல் தன் நாய் சீனியைப் பற்றி அவர் என்னிடம் கேட்கமாட்டார் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது, அதுவும் ஓர் ஆறுதலைப் போல. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறெதையும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

விவசாயிகள் உரத்துக்கு வரும் எங்கள் கமநல நிலையத்தில் அவருடன் வேலை செய்த எல்லோருக்கும் சீனியைத் தெரியும். வெள்ளம் வந்த மாரியில் நிலையத்துப் படியில் ஏறிப் படுத்த நாய் அது. பின்னங்கால் ஒன்று ஊனம். முதுகில் பாதி மயிர் கொட்டியிருந்தது. அக்கா அதைக் குளிப்பாட்டி, மருந்து பூசி, வேலை நேரத்தில் தன் மேசைக்கடியில் படுக்கவிட்டார். வேலை முடிந்ததும் தான் தனியாக இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். உர மானியத்துக்கு வந்த ஒருவர், "என்ன மிஸ், கந்தோருக்குள்ள நாய்?" என்று கேட்டார். அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை. "அது உரம் கேக்க வந்ததில்ல ஐயா. உங்கட பங்கு குறையாது. இதில ஒப்பம் வையுங்க." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்துக்கொண்டுதான் ஒப்பமிட்டார்.

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அங்கே வேலைக்குப் போனவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். நாலு பேர் முன்னால் வாய் திறக்க அந்தப் பட்டம் உதவவில்லை. நிலையத்தில் எல்லோரும் பாசிக்குடாவுக்குச் சுற்றுலா போனபோது, "அம்மா விடமாட்டா, பழைய ஆள்" என்றேன். உண்மையில் எல்லோர் முன்னாலும் கடலில் குளிக்க எனக்குக் கூச்சம். ஆனால் படிக்காத அம்மா, பழைய ஆள் என்றதும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எவ்வளவு வசதியான பதில் என்று அன்றைக்கே கண்டுகொண்டேன். அக்கா மட்டும் திரும்பி வரும்போது ஒரு பார்சல் மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தார். "அம்மாக்குக் குடு புள்ள. அடுத்தமுறையாவது விடட்டும்."

அக்காவுக்கு வந்த நோய் முற்றிய பிறகு, ஒருநாள் சைக்கிள் கொட்டகையில் என்னை மறித்தார். "உன்னட்ட ஒண்டு கேக்கோணும். நான் இல்லாமப் போனா சீனியை நீ எடுப்பியா? உங்கட வீட்ட ஒரு நாய் இரிக்கு, அதுக்குத் துணையா இரிக்கும். வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லு, நான் கோவிக்கமாட்டன்."

எனக்கு அந்த நாய் வேண்டாம். நொண்டிக்கொண்டு மயிர் கொட்டிய ஒரு நாய் பின்னால் வர, எங்கள் ஒழுங்கைக்குள் நடந்துபோக வெட்கப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். "அம்மாட்ட கேட்டுச் சொல்றன் அக்கா" என்றேன்.

கேட்கவில்லை. மறுகிழமை அவரைக் கண்டதும் கோப்புகளை எடுத்துக்கொண்டு களஞ்சிய அறைக்குப் போனேன். அதற்கடுத்த கிழமை அவரே வந்து கேட்டபோது, "அம்மா ஏலாதெண்டுட்டா அக்கா. ரெண்டு நாய் சரிவராதாம்" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். "அவ சொல்றதும் சரிதானே. இதுக்காக அம்மாவோட சண்டை பிடிக்காத."

செத்த வீட்டுக்கு அம்மாவும் வந்தார். அந்த மஸ்கட்டை அவர் மறக்கவில்லை. வயல்வட்டையில் அன்றைக்கு அறுவடை வேலை இருந்தும் விட்டுவிட்டு, வெளுத்த சேலை உடுத்தி வந்தார். உள்ளே தேவாலயத்து ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சீனி பெட்டிக்கடியில் படுத்திருந்தது. அக்காவின் தங்கை வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "நீங்கதானா அம்மா? அக்கா சொன்னவ. ஒண்டும் மனசில வெக்காதீங்க. ரெண்டு நாய் பாக்குறது லேசான வேலையா? நான் கொண்டுபோறன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் மகள்" என்றார் அம்மா. "எனக்குத்தான் ஏலாமப் போச்சு."

திரும்பும்போது வாவியைக் கடக்க, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறினோம். மோட்டார்சைக்கிள்களும் ஆட்களுமாக நெருக்கியடித்த அதில் விலகிப் போக இடமில்லை. நடு வாவியில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "கேட்டிருந்தா நான் ஓமெண்டுதானே சொல்லியிருப்பன் புள்ள." கொஞ்சம் பொறுத்து, "வேற என்னெல்லாம் நான் சொன்னதாச் சொல்லி வெச்சிரிக்காய்?" என்று கேட்டார். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

போன கிழமை அக்காவின் தங்கையுடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்து, நடந்ததைச் சொல்லி, சீனியைத் தரமுடியுமா என்று கேட்டேன். அவர், "இல்ல தங்கச்சி. எனக்குக் குடுக்க விருப்பமில்ல" என்றார். யாரையும் சாட்டாமல் ஒருவர் இப்படிச் சொல்லலாம் என்பதைக் காதால் கேட்டேன்.

அக்காவுடன் பழகியவர்களுக்கு இதை எழுதுவதன் காரணம் ஒன்றுதான். அவர் கேட்டதை மறுத்த தாய் என்று நீங்கள் நினைக்கும் பெண் எதையும் மறுக்கவில்லை. மறுத்தவள் நான். அக்கா சாகும்வரை அந்தப் பொய்யை நம்பினார். நம்பியதோடு நில்லாமல் எங்களுக்காக மற்றவர்களிடம் பரிந்தும் பேசியிருக்கிறார்.

அவருடைய மேசைக்குப் புதியவர் வந்துவிட்டார். கீழே சீனியின் தகரக் கோப்பை கிடந்தது. எறிந்துவிடவா என்று கேட்டார். "வேணாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். "எனக்கு விருப்பமில்ல" என்றேன். அவர் கோபிக்கவில்லை. அந்தக் கோப்பை இப்போது என் மேசைக்கடியில் இருக்கிறது.